பாட்டு யாருடையது? 'ஹோம்லெஸ்' பாடலின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2010 உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவில் நடந்தபோது ஷகீராவின் 'வக்கா வக்கா' பாட்டு ஓடாத ஓட்டோவும் இல்லை, ஒலிக்காத உதைபந்தாட்ட மைதானமும் இல்லை. மன்னாரான் பந்தென்றால் விடுவானா! அந்தப் பாட்டில் ஷகீராவோடு சேர்ந்து பாடியது 'ஃப்ரெஷ்லிகிரவுண்ட்' என்ற தென்னாபிரிக்கக் குழு. நாமெல்லாம் வாயில் முணுமுணுத்த அந்தக் கோரஸ் கமரூன் நாட்டிலிருந்து வந்தது. 'கோல்டன் சவுண்ட்ஸ்' என்ற குழு 1986இல் பாடிய 'சங்கலேவா' பாட்டில் உள்ளது அது. உரிமை விடயம் பிறகு பேசித் தீர்க்கப்பட்டது. ஆனால் கமரூன்காரர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1986இல் வெளிவந்த வேறொரு பாட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதன் பெயர் 'ஹோம்லெஸ்'. வீடில்லாதவர்கள் என்று அர்த்தம். நான்கு நிமிடம்கூட வராது. வாத்தியம் ஒன்றும் இல்லை, முழுக்க ஆண்களின் குரல்தான். எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்காவின் பெரிய பாடகர் போல் சைமன். மற்றவர் தென்னாபிரிக்காவின் லேடிஸ்மித் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் பிறந்த சூலு மனிதர் ஜோசப் ஷபலாலா. (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம். இது சரித்திரப் பதிவு.)

அந்தப் பாட்டை விளங்க வேண்டுமென்றால் அவர்களுடைய நாட்டில் வீடு என்பது என்னவாக இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

1913இல் தென்னாபிரிக்காவில் ஒரு காணிச் சட்டம் வந்தது. நாட்டின் பெரும்பான்மை மக்களான கறுப்பர்கள் காணி வைத்திருக்கக்கூடிய நிலம் மொத்த நிலத்தில் ஏழு சதவீதம் அளவுதான் என்றாயிற்று. பின்னர் 1936இல் அதைப் பதின்மூன்று சதவீதம் வரை கூட்டினார்கள். மிச்ச இடமெல்லாம் வெள்ளையருக்கு. பிழைக்க வழியில்லாத ஆண்கள் குடும்பத்தை விட்டுவிட்டுத் தங்கச் சுரங்கங்களுக்கும் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஆண்கள் மட்டும் தங்கும் விடுதிகள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. 'பாஸ்' புத்தகம் கையில் இல்லாமல் வீதியில் நடந்தால் பொலிஸ் பிடிக்கும். சொந்த நாட்டிலேயே பாஸ்! பாஸ் எடுத்துப் பயணம் போன காலம் நம்முடைய ஊர்ப் பெரியவர்களுக்கு மறந்திருக்காது.

அந்த விடுதிகளில் சனிக்கிழமை இரவுகளில் பாட்டுப் போட்டி நடக்கும். விடிய விடிய நடக்கும். வாத்தியம் வாங்கக் காசில்லை, ஆகவே குரல்தான் வாத்தியம். விடுதிக் காவலர்களுக்குக் கேட்காமல் இருக்க நிலத்தில் காலை மெதுவாக, நுனிக்காலில் வைத்து ஆடினார்கள் என்று சொல்வார்கள். அந்த இசைக்குப் பெயர் 'இசிகதாமியா'. பூனைபோல் அடிவைத்து நடப்பது என்ற பொருள்தரும் சூலுச் சொல்லிலிருந்து வந்தது.

ஷபலாலா 1964இல் தொடர்ந்து பல மாதங்கள் இரவில் கனவு கண்டதாகச் சொல்லியிருக்கிறார். கனவில் சிறு பிள்ளைகள் கூட்டமாகப் பாடுகிறார்கள், அந்தக் குரல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் அவர் அதுவரை கேட்காதது. அதைத் தன் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படி வந்ததுதான் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ'. லேடிஸ்மித் என்பது ஊர்ப் பெயர். பிளாக் என்பது உழவுக்கு நல்ல பலமான கறுப்பு மாட்டைக் குறிக்கும். மம்பாசோ என்றால் சூலு மொழியில் கோடரி, போட்டிக்கு வரும் மற்றக் குழுக்களை வெட்டிச் சாய்க்கும் கோடரி. கடைசியில் போட்டிக்கு வரவேண்டாம், வந்து சும்மா பாடிவிட்டுப் போங்கள் என்று சொல்லும் அளவுக்கு வெட்டினார்கள்!

இனிப் போல் சைமன் பக்கம்.

1984இல் அவருக்கு ஒரு கசட் கிடைத்தது. சொவெட்டோவில் வாசிக்கப்படும் அக்கோடியன் இசை. அதைக் காரில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போது அவருடைய மவுசு இறங்கியிருந்த நேரம், முந்திய அல்பம் சரியாகப் போகவில்லை. 1985 பெப்ரவரியில் ஜோகன்னஸ்பேர்க்குக்குப் போனார். கிட்டார் கலைஞர் ரே ஃபிரி, பேஸ் வாசிக்கும் பகிதி குமாலோ, ட்ரம்ஸ் வாசிக்கும் ஐசக் எம்ட்ஷாலி ஆகியோருடன் ஒலிப்பதிவு செய்தார். குமாலோ அப்போது கார் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தவர். சைமன் கொடுத்த சம்பளம் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு, மணித்தியாலத்துக்குச் சுமார் 200 டொலர். அன்று ஜோகன்னஸ்பேர்க்கில் ஒரு கலைஞனுக்கு நாள் முழுக்க வாசித்தால் 15 டொலர் அளவுதான் கிடைக்கும்.

ஷபலாலாவை அங்கேதான் சந்தித்தார். அமெரிக்கா திரும்பியபின் ஒரு மெட்டையும் ஆங்கிலத்தில் சில வரிகளையும் பதிந்து ஷபலாலாவுக்கு அனுப்பினார். உனக்கு விருப்பமானபடி மாற்று, சேர் என்று சொன்னார். ஷபலாலா சூலு மொழியில் தன்னுடைய பகுதியைச் சேர்த்தார். பாட்டின் தொடக்கத்தில் சூலு கல்யாணப் பாட்டொன்றின் சாயல் இருக்கிறது. அதைப் பதிவு செய்ய லண்டனில் பீட்டில்ஸ் பாடிய அதே அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குழுவை வரவழைத்தார்கள். கல்யாணப் பாட்டின் சாயலில் வீடில்லாதவர்களைப் பற்றிய பாட்டு. நம் ஊர்க் கல்யாணங்களில் பெண் வழியனுப்பும்போது பாடும் பைத்தைக் கேட்டு அழாதவர் யார்? சந்தோஷமும் பிரிவும் ஒரே மெட்டில் இருக்க முடியும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1986 ஓகஸ்டில் 'கிரேஸ்லாண்ட்' அல்பம் வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1987இல் வருடத்தின் சிறந்த அல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது.

இதுவரை வாசித்தால் நல்ல கதை. ஆனால் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

நிறவெறி அரசுக்கு எதிராக 1980 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை கலாசாரப் பகிஷ்கரிப்பு ஒன்றைக் கோரியது. எந்தப் பாடகரும் எழுத்தாளரும் விளையாட்டு வீரரும் தென்னாபிரிக்காவோடு தொடர்பு வைக்கக்கூடாது. மண்டேலா சிறையில். அவருடைய இயக்கமான ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. அந்த இயக்கத்தோடு முதலில் பேசிவிட்டுப் போ என்று ஹரி பெலஃபொண்டே சைமனுக்குப் புத்தி சொன்னார். சைமன் கேட்கவில்லை. கலைஞன் அரசியல்வாதியிடம் அனுமதி கேட்பதா என்பது அவர் நியாயம். 1987இல் லண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்துக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, பில்லி பிராக், ஜெரி டாமர்ஸ் போன்ற பாடகர்கள். டாமர்ஸ்தான் மண்டேலாவை விடுதலை செய்யச் சொல்லிப் பாட்டு எழுதியவர்.

மண்டபத்துக்கு உள்ளே மேடையில் சைமனோடு நின்றவர்கள் யார் தெரியுமா? மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும். இருவரும் நாடு கடந்து வாழ்ந்த தென்னாபிரிக்கர்கள். மகேபாவின் கடவுச்சீட்டை 1960இல் அரசு இரத்துச் செய்தது. தாய் மரணித்தபோது அடக்கத்துக்குப் போக முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அவர் மண்ணை மிதிக்கவில்லை. அப்படிப்பட்ட பெண் சைமன் செய்தது சரி என்று சொல்கிறார். வெளியே நிற்பவர்கள் பிழை என்கிறார்கள். இரண்டு பக்கமும் நிறவெறியின் எதிரிகள்தான்.

இன்று பலஸ்தீனுக்காகப் பகிஷ்கரிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் தென்னாபிரிக்காவைத்தான் உதாரணம் காட்டுகிறோம். காட்ட வேண்டும். அந்த ஆயுதம் வேலை செய்தது. ஆனால் அதன் உள்ளே இப்படியொரு வழக்கும் நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அடக்குபவனை நோக்கி எறிந்த கல் கார் திருத்தும் குமாலோவின் தலையில் விழலாமா? சைமன் பின்னாளில் சொன்னபடி, அவர் வருவதா வேண்டாமா என்று தென்னாபிரிக்கக் கறுப்பு இசைக் கலைஞர்கள் தங்களுக்குள் வாக்கெடுத்து, வரட்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் எண்ணம் இது: பகிஷ்கரிப்பு சரி, இயக்கத்தோடு ஒரு வார்த்தை பேசாமல் போனது சைமனின் பெருமை பிடித்த வேலை, ஆனாலும் அந்த நாட்டுக் கலைஞன் வா என்று சொன்னதற்கு எல்லாவற்றையும் விடப் பாரம் அதிகம். பாதிக்கப்பட்டவனின் பேரில் மற்றவர்கள் வாதாடும்போது அவனிடம் ஒரு வார்த்தை கேட்பது இரண்டு பக்கத்துக்குமே ஞாபகம் வருவதில்லை. இது வடமாகாண முஸ்லிம்களுக்குப் புதிய விடயமா என்ன?

இந்தக் கதையில் எங்களை அதிகம் பிடித்து நிறுத்தியது இதைவிடச் சின்ன விடயம். அல்பத்தின் உறையில் 'ஹோம்லெஸ்' பாட்டுக்குக் கீழே இரண்டு பெயர் இருக்கிறது. சைமன், ஷபலாலா. இது ஏன் பெரிய விடயம் என்று கேட்டால் சொலமன் லிண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லிண்டாவும் சூலு மனிதர், அவரும் ஊரை விட்டு ஜோகன்னஸ்பேர்க்குக்கு வேலைக்கு வந்தவர், காலோ இசைத்தட்டுக் கம்பனியில் பொதி கட்டும் வேலை. 1939இல் தன் குழுவோடு 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்புபே என்றால் சிங்கம். அந்தப் பதிவின் கடைசியில் திடீரென்று, முன்கூட்டி யோசிக்காமல், ஒரு சின்ன மெட்டை மேலே ஏற்றிப் பாடினார். பாட்டின் முழு உரிமையையும் பத்து ஷில்லிங்குக்குக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பீட் சீகரின் குழு, சூலுச் சொல்லைச் சரியாகக் கேட்காமல், 'விமோவே' என்று பாடியது. 1961இல் 'தி டோக்கன்ஸ்' குழு அந்தக் கடைசி நேரத்து மெட்டுக்கு ஆங்கில வரி போட்டு, சிங்கம் தூங்கும் பாட்டாகப் பாடி அமெரிக்காவில் முதலாம் இடத்துக்குக் கொண்டுபோனது. 1994இல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்தில் வந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள்கூட அதை ஊளையிடுவார்கள். லிண்டா 1962இல் வறுமையில் மரணித்தார். அவர் கப்றுக்கு ஒரு கல் வைக்கக் குடும்பத்துக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. ரியான் மாலன் என்ற தென்னாபிரிக்கப் பத்திரிகையாளர் 2000ஆம் ஆண்டு இதை ஆராய்ந்து எழுதினார். அதன் பிறகு வழக்கு, 2006இல் இணக்கம். மகள்மாருக்குப் பங்கு கிடைத்தது. பாட்டுப் பாடி அறுபத்தேழு வருடம் கழித்து!

லிண்டாவின் அந்தப் பாட்டின் பெயரே ஒரு இசை வகைக்குப் பெயராயிற்று. அதன் வழி வந்ததுதான் ஷபலாலாவின் மெல்லடி இசை. ஆக, தகப்பன் தலைமுறைக்குப் பத்து ஷில்லிங், மகன் தலைமுறைக்கு உறையில் பெயர், ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் பங்கு. இடையில் நாற்பத்தேழு வருடம்.

சைமனை மலக்கு ஆக்க வேண்டாம். அதே அல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு லொஸ் லோபோஸ் என்ற அமெரிக்க மெக்சிக்கன் குழு வாசித்தது. மெட்டு எங்களுடையது, பெயர் போடவில்லை என்று அவர்கள் இன்றுவரை குற்றம் சொல்கிறார்கள். ஒரே மனிதன், ஒரே அல்பம், ஒரு பாட்டில் பங்கு கொடுத்தவர் மற்றப் பாட்டில் கொடுக்கவில்லை என்ற பழி. ஷபலாலா மட்டும் எப்படித் தப்பினார்? சைமன் அவரிடம் போகும்போதே மம்பாசோ தென்னாபிரிக்காவில் இலட்சக்கணக்கானோர் கேட்கும் குழு. 1973இலேயே அவர்களுடைய அல்பம் ஒன்று தங்கத்தட்டு வாங்கியிருந்தது. அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. அதைவிட, பாட்டின் பாதி சூலு மொழியில் இருந்தது. அதை வேறு யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

இந்தத் தென்னாபிரிக்கக் கதை நமக்கு அவ்வளவு தூரம் இல்லை. மன்னாரையும் கேப் டவுனையும் ஒரே ஒல்லாந்துக் கம்பனிதான் ஆண்டது. 1658இல் மன்னார்க் கோட்டையைப் பிடித்தவர்கள், கேப் டவுனுக்கு இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் அடிமைகளையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் கொண்டு போனார்கள். அங்குள்ள முஸ்லிம் சமூகம் அப்படித்தான் வளர்ந்தது. அவர்களில் நிறையப்பேர் வாழ்ந்த 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவித்து அறுபதாயிரம் பேரை வெளியேற்றினார்கள். வீடுகளை புல்டோசர் போட்டு இடித்தார்கள். பள்ளிவாசல்கள் நின்றன. அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த குடியிருப்புகளில் ஒன்றின் பெயரில் 1974இல் 'மானன்பேர்க்' என்ற இசையைத் தந்தவர் அப்துல்லா இப்ராஹீம், கேப் டவுன் பியானோ கலைஞர், இஸ்லாத்தைத் தழுவியவர். ஆளில்லாத வட்டாரத்தில் நிற்கும் பள்ளிவாசலை நாங்கள் படத்தில் பார்த்தபோது எருக்கலம்பிட்டியும் விடத்தல்தீவும் முசலியும்தான் கண்ணுக்குள் வந்தது.

இன்னும் கிட்ட வாருங்கள். புத்தளத்தில் இருந்த காலத்தில் சிராம்பியடி மக்களை நம்மில் பலர் கண்டிருப்போம். போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த படைவீரர்களின் பரம்பரை. அவர்கள் பாடும் 'மஞ்ஞா' பாட்டும், அதோடு சேர்ந்த கஃப்ரிஞ்ஞா தாளமும் இல்லாவிட்டால் இலங்கையில் பைலா இல்லை. வாலி பஸ்தியானும் இல்லை, சிலோன் மனோகரும் இல்லை. கல்யாண வீட்டில் எல்லா இனத்தவரும் அந்தத் தாளத்துக்கு ஆடுகிறோம், சிராம்பியடியின் பெயரை யார் சொல்கிறோம்? அவர்களை 'காப்பிரி' என்கிறோம். அரபிகள் கிழக்காபிரிக்காவில் இஸ்லாத்துக்கு வெளியே இருந்தவர்களைக் 'காஃபிர்' என்றார்கள், போர்த்துக்கேயர் அதைப் பிடித்துக்கொண்டு கறுப்பர் எல்லோருக்கும் பெயராக வைத்தார்கள். தென்னாபிரிக்காவில் அது இன்று வாயில் எடுக்கக் கூடாத வசைச் சொல், சொன்னால் நீதிமன்றம் போக வேண்டும். நம்முடைய மார்க்கச் சொல் ஒன்று போன வழியைப் பாருங்கள்.

1990 பெப்ரவரியில் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். அதே வருடம் ஜூனில் மிரியம் மகேபா தன் மண்ணுக்குத் திரும்பினார். அதே வருடம் ஒக்டோபரில் புலிகள் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்கள் திரும்பிய வருடம்தான் நாங்கள் புறப்பட்ட வருடம். கொண்டுபோகும் காசுக்கும் பொருளுக்கும் அளவு வைத்தார்கள். எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போன இரவுகளை உம்மும்மாமார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிடுகுக் கொட்டிலில் கைக்குழந்தைகளுக்குப் பாடிய தாலாட்டில் ஊரின் கிணறு வந்தது, தென்னை வந்தது, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரும் வயலும் வந்தது. பழைய மெட்டு, புதுச் சொல். அதுவும் வீடில்லாதவர்களின் பாட்டுத்தான்.

முகாம் காலத்தில் ஆய்வு என்றும் திட்டம் என்றும் ஆட்கள் வந்து அந்தப் பாட்டுகளையும் கதைகளையும் பதிந்துகொண்டு போனார்கள். பாடிய கிழவிக்குப் பிரதி வந்ததும் இல்லை, எங்கே அச்சாகியது என்று தெரிந்ததும் இல்லை. அச்சாகியதில் 'இடம்பெயர்ந்த பெண் ஒருவர்' என்றுதான் இருந்திருக்கும். பாதுகாப்புக்காக அப்போது பெயரை மறைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. இப்போது முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாடியவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்களின் ஞாபகமும் குறைகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வெளியேற்றத்தைப் பற்றியோ முகாமைப் பற்றியோ பாடிய தாலாட்டு, பைத்து, ஒப்பாரி எதுவாக இருந்தாலும் போனில் பதிந்து வையுங்கள். இரண்டு வரிதான் ஞாபகம் என்றாலும் பரவாயில்லை. பதியும்போது முதலில் பாடுபவரே தன் பெயரையும், தகப்பன் பெயரையும், 90க்கு முன் இருந்த ஊரையும் தன் வாயால் சொல்லட்டும். பெயர் வெளியே வரவேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் அவரே சொல்லட்டும். பிறகு பாட்டு. பதிவின் ஒரு பிரதி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். எழுத்தில் இறக்கத் தெரியாதவர்களுக்கு எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பின்னேரம் வந்து எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். யாருக்கு எந்த நாள் வசதி என்று கீழே சொல்லுங்கள். நோன்பு தொடங்க முதல் நானாட்டான் பக்கத்தை முடித்துவிட்டு முசலிப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம்.